லைலாக் கன்று வாங்கும் முன் இலையைப் பாருங்கள்

பெங்களூரில் ஜகரந்தா பூத்து நிற்பதைப் பார்த்து வருகிறவர்களுக்கு ஓசூரில் கட்டும் வீட்டுக்கு முன்னும் ஓர் ஊதாப்பூ மரம் வேண்டும் என்று தோன்றும். நியாயமான ஆசைதான். ஆனால் யாராவது ‘லைலாக்’ என்று ஒரு கன்றை நீட்டினால் பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள். அசல் லைலாக் குளிர்நாட்டுச் செடி. பல வாரம் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருந்தும் ஓசூரில் மார்கழியில்கூட அந்தக் குளிர் கிடையாது.

அசல் லைலாக்கின் இலை தனித்தனியாக, இதய வடிவில் இருக்கும். பொடிப்பொடியாகப் பிரிந்திருந்தால் அது ஜகரந்தா. வேப்பிலை போலப் பல் வைத்திருந்தால் ‘பெர்சியன் லைலாக்’ எனப்படும் வேம்பின் உறவு மரமாக இருக்கலாம். அதன் மஞ்சள் காய்கள் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் வீட்டிலும், ஆடு மாடு கட்டும் இடத்திலும் அதை வைக்கவே கூடாது. ‘மெக்சிகன் லைலாக்’ என்றால் வரப்பில் பசுந்தழை உரத்துக்கு வளர்க்கும் நம் கிளைரிசிடியாதான்!

பூக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது தவறு. கன்று பூக்கப் பல வருடம் ஆகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 புகாருக்குத் தருவது 2 வருடம். அதனால் செடியின் பெயர் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள், இலையைப் படமெடுத்து வையுங்கள். பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். கர்நாடகக் கடையில் வாங்கியிருந்தாலும் அத்திப்பள்ளி தாண்டி அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் பூமருது வையுங்கள் என்பேன். நம் மண்ணின் மரம், கோடையில் கொத்துக் கொத்தாக ஊதா பூக்கும். நல்ல வெயில் வேண்டும், முதல் இரண்டு கோடைக்குத் தவறாமல் தண்ணீர் வேண்டும். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, மின்கம்பிக்கு அடியில் இல்லாமல் நடுங்கள். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால் இலை உதிர்ந்திருக்கும் நாட்களில் லேசாகக் கவாத்து செய்தால் போதும். மொட்டையடிக்காதீர்கள். மொட்டையடித்த இடத்தில் கிளைக்கும் கொம்புகள் பிடிப்பில்லாமல் காற்றில் முறியும். கிளை கம்பியைத் தொட்டால் நீங்களே அரிவாள் எடுக்காமல் மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள்.

வெட்டும் சட்டம் எல்லைக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று. கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, விலக்குப் பெற்ற சில இனங்கள் தவிர, சொந்தத் தோட்டத்து மரத்துக்கும் மர அலுவலரின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கு மட்டுமே. அதற்காகச் சாலையோர மரத்தில் கை வைத்துவிட முடியாது. பொது இடத்து மரம் என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுதான் முடிவு செய்யும்.

பக்கத்து வீட்டுக் கிளை உங்கள் மனைக்குள் நீண்டால், அவர் மனைக்குள் கால் வைக்காமல் உங்கள் எல்லை வரை வெட்டலாம். சொல்லிவிட்டு வெட்டுவது நல்லது. மரமே சாய்ந்து ஆள்மேல் விழும் நிலை என்றால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவில் நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஓசூர்க்காரர்கள் சார் ஆட்சியர் அலுவலகத்தில் படத்தோடு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.