திறப்பும் மாற்றுத் திறப்பும்

பூட்டினைக் கண்ட மனிதன் அதனுடன் திறப்பினையும் கண்டான். திறப்புத் தொலையக்கூடும் என்பதை உணர்ந்ததும் மாற்றுத் திறப்பொன்றையும் செய்து வைத்தான். இற்றைநாள் மோட்டார்க் காரின் திறப்போ வெறும் உலோகத் துண்டு அன்று. உள்ளங்கையில் அடங்கும் சிறு பேழையாகும். அதன் அமைப்பை அறியாதார் இடர் நேர்ந்தவிடத்துத் திகைத்து நிற்பர்.

அண்மையில் ஒட்டுசுட்டானிலே ஓரிரவு இதனைக் கண்கூடாகக் கண்டோம். காய்ச்சலால் வருந்திய குழந்தையொன்றை முல்லைத்தீவுக்குக் கொண்டுசெல்ல அயலவர் ஒருவரின் கார் வாசலில் நின்றது. எத்துணை முறை பொத்தானை அழுத்தியும் கதவு திறந்திலது; திறப்பின் மின்கலம் தீர்ந்திருந்தது. கடைகளும் பூட்டப்பட்டுவிட்டன. ஈற்றில் முச்சக்கர வண்டியிலேயே குழந்தை சென்றது. அக்காரை அப்பொழுதே இயக்கியிருக்கலாம் என்பதை மறுநாளே அறிந்தோம். அஃது எவ்வாறென நோக்குவாம்.

இத்தகைய பேழையினுள் மூன்று திறப்புக்கள் உள. முதலாவது, வானொலி அலையால் கதவைத் திறப்பது. 1982 இல் ரெனோ நிறுவனத்தின் பியூகோ கார் தொலைத்திறப்புடன் வெளிவந்தது. இதற்கு மின்கலம் இன்றியமையாதது. பல திறப்புக்களில் உள்ள மின்கலத்தின் இலக்கம் 2032. முதலிரு இலக்கங்கள் விட்டம் 20 மில்லிமீற்றர் என்பதையும், பின்னிரு இலக்கங்கள் தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கும்.

இரண்டாவது, மின்கலம் வேண்டாத சிறு சில்லு. 1831 இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. காரிலுள்ள சுருள், பெரும்பாலும் 125 கிலோஹேட்ஸ் மீடிறனில், மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்புலம் திறப்பிலுள்ள நுண்சுருளில் மின்னைத் தூண்டும். அதனாற் சில்லு விழித்துத் தன் இரகசிய அடையாளத்தைத் தெரிவிக்கும். அடையாளம் பொருந்தினாலன்றி எஞ்சின் இயங்காது.

மூன்றாவது, பேழைக்குள் மறைந்துள்ள உலோகத் திறப்பு. பக்கத்திலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தின் அது வெளிவரும். சாரதியின் கதவிற் பூட்டுத் துவாரம் உண்டு. சில கார்களில் அதனை ஒரு மூடி மறைத்திருக்கும். உள்ளே புகுந்ததும், ரொயோட்டா முதலிய பல கார்களிலே, பிறேக்கை மிதித்தவாறு பேழையை இயக்குபொத்தானிற் தொடுவித்து, பின்னர் பொத்தானை அழுத்தின் எஞ்சின் இயங்கும். இடையே அபாயமணி ஒலிப்பினும் அஞ்சற்க.

ஆகவே, ஒன்று தவறின் மற்றொன்று உதவுமாறே அமைத்தோர் அமைத்துள்ளனர். எனினும் பேழையே தொலையின் மூன்றும் ஒருங்கே தொலையும். உலோகத்தின் வடிவை அரத்தாற் படியெடுக்கலாம். சில்லின் இரகசியத்தை அங்ஙனம் எடுத்தல் இயலாது. புதிய திறப்பைக் காரின் கணினியிற் பதிதல் வேண்டும். ஒரு திறப்பேனும் கையிலுள்ளபோது அஃது எளிது; ஒன்றுமில்லாதபோது காலமும் பொருளும் மிக விரயமாகும். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கியமையால், நம்மிடையே ஓடும் கார்களுட் பல பழையன. பாவித்த கார்களுட் சில ஒற்றைத் திறப்புடனேயே கைமாறுவன.

எனவே, கார் உடையோர் இன்றே உலோகத் திறப்பை ஒருமுறை எடுத்துக் கதவைத் திறந்து பார்த்தல் நன்று. இரண்டாம் திறப்பையும் பதிவித்து வீட்டில் வைத்தல் அதனினும் நன்று. கருவியின் உள்ளே உதவி இருப்பது மட்டும் போதாது. அஃது உளதென்னும் அறிவு நம்மிடத்தும் இருத்தல் வேண்டும்.