நுண்ணுயிர் வீதி – 14: ஒரு சதவீத அமிலம்

“கதிரடிக்கையில கண்ணுல தூசி விழுந்துருச்சு டாக்டர். கசக்கிட்டேன்.”

மதுரையில் கண் மருத்துவர்களுக்கு இது புதிய பேச்சு இல்லை. மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ வருகிறவர் கசக்கியதோடு நின்றிருக்க மாட்டார். தாய்ப்பால் விட்டிருப்பார், விளக்கெண்ணெய் விட்டிருப்பார், அதற்கும் கேட்காமல் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டிருப்பார். “என்ன மருந்துய்யா அது?” என்று கேட்டால், “சின்னதா ஒரு வெள்ளை பாட்டில்” என்பதுதான் பதில். அந்த வெள்ளை பாட்டிலுக்குப் பிறகு வருவோம்.

1990-களில் மதுரை மாவட்டத்தில் கருவிழிப்புண் எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு லட்சத்தில் 113 பேர் என்று வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் இதேபோல் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப்புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் புண் வருவதற்கு முன் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. நெல்லோ, சோளத்தட்டையோ, மாட்டு வாலோ, மண்ணோ.

இந்தப் புண்களில் பெரும்பாலானவை பூஞ்சையாலோ நிமோகாக்கஸ் போன்ற தெரிந்த பாக்டீரியாவாலோ வருபவை. ஆனால் இடையிடையே ஒரு கண் வரும். ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் கருவிழியில் ஊசிமுனை அளவு வெண்புள்ளிகள் தெரியும். உதிரிப்பூவை நூலில் கோத்து வட்டமாக வைத்ததுபோல அவை வரிசையாக நிற்கும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மாலையே போதும்: நோகார்டியாவாக இருக்கலாம். பழகாத கண்ணுக்கு அது பூஞ்சை. பூஞ்சை என்று நாடாமைசின் எழுதிக் கொடுத்தால் வாரக்கணக்கில் விட்டாலும் புண் அசையாது. நோகார்டியா பாக்டீரியா, பூஞ்சை மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதன் உடல்வாகு அப்படி. பாக்டீரியா என்றால் உருண்டையாகவோ குச்சியாகவோ இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். இது நூல்நூலாகக் கிளைவிட்டுப் பரவும், பார்க்கப் பூஞ்சை போலவே. ஒரே வித்தியாசம் பருமன்தான். பூஞ்சையின் நூல் சில மைக்ரான் தடிமன் என்றால், இது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மண்ணில் மட்கும் இலைதழையைத் தின்று வாழ்கிற உயிர் இது. மனிதனைத் தேடி வருவதில்லை. முள்ளோ தூசியோ கொண்டுபோய்ச் சேர்த்தால் தங்கிவிடும்.

இதைப் பிடிக்கும் இடம் ஆய்வகம். கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தை நுண்ணிய தகட்டால் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் தேய்க்கிறார்கள். காசநோய்க் கிருமியைத் தேடும் அதே சிவப்புச் சாயத்தை ஏற்றுகிறார்கள். அடுத்த படியில்தான் விஷயம் இருக்கிறது. காசநோய்க் கிருமி மெழுகுச் சட்டை போட்டது. 20 சதவீதக் கந்தக அமிலத்தை ஊற்றிக் கழுவினாலும் சாயத்தை விடாது. நோகார்டியாவின் சட்டையும் அதே ரகம்தான், ஆனால் மெல்லிசு. 20 சதவீதத்தில் கழுவினால் சாயம் போய்விடும், சில்லில் எதுவும் இல்லாததுபோல இருக்கும். அமிலத்தை ஒரு சதவீதமாகக் குறைத்துக் கழுவினால் சிவப்பு தங்கும், மணிமணியாகக் கோத்த மெல்லிய நூல்கள் தெரியும். சில்லும் சாயமும் அதேதான். அமிலத்தின் அளவை மாற்ற வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்த வெள்ளை பாட்டில். அதில் இருந்தது ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். கருவிழிப்புண்ணுக்குக் கிருமிக்கொல்லியோடு ஸ்டீராய்டும் சேர்த்து விட்டால் தழும்பு குறையுமா என்பது மருத்துவர்களுக்குள் நெடுங்காலச் சண்டை. 2006 முதல் 2010 வரை அரவிந்த் மருத்துவமனையும் சான் ஃபிரான்சிஸ்கோவின் ப்ராக்டர் நிறுவனமும் சேர்ந்து 500 நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தன. மொத்தமாகப் பார்த்தால் ஸ்டீராய்டால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த 500 பேரில் 55 பேருக்கு நோகார்டியா இருந்தது. டாக்டர் பிரஜ்னா லலிதா, டாக்டர் எம். சீனிவாசன் உள்ளிட்டோர் அவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. ஸ்டீராய்டு விட்டவர்களின் தழும்பு, விடாதவர்களின் தழும்பைவிடச் சுமார் 0.4 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. கேட்க அற்பம். கருவிழியின் மொத்தக் குறுக்களவே 12 மில்லிமீட்டருக்குள்தான் என்பதையும், தழும்பு நடுவில் விழுந்தால் பார்வையையே மறைக்கும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சரியான நேரத்தில் அமிகாசின் சொட்டு மருந்து தொடங்கினால் பெரும்பாலான நோகார்டியாப் புண்கள் ஆறிவிடும் என்பதால்தான் இந்தத் தழும்பைக் கண்டு எனக்கு எரிச்சல் வருகிறது.

மதுரைக்கும் இந்தக் கிருமிக் குடும்பத்துக்கும் தொடர்பு இதைவிடப் பழையது. 1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், வீங்கிப் புரையோடிய பாதங்களைப் பற்றி எழுதினார். 1846-ல் கோல்புரூக் என்ற இன்னொரு மருத்துவர் அதற்கு ‘மதுரா ஃபுட்’, அதாவது மதுரைக் கால் என்று பெயர் எழுதிவைத்தார். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவருக்குக் கருவேல முள் ஏறும். பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். மாதங்கள் கழித்து அந்த இடத்தில் வலியில்லாத ஒரு கட்டி வரும். வலிக்காததால் யாரும் கவலைப்படுவதில்லை. பிறகு பாதம் முழுக்க வீங்கி, கறையான் புற்றைப் போலப் பல கண் வைத்து, ஒவ்வொரு கண் வழியாகவும் சீழோடு மணிமணியாக ஏதோ வரும். பழைய வடமொழி நூல்களில் வரும் ‘பாதவல்மீகம்’, அதாவது பாதப்புற்று, இந்த நோய்தான் என்பார்கள்.

அந்த மணிகள்தான் துப்பு. கறுப்பு மணி என்றால் பூஞ்சை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்றால் பெரும்பாலும் நோகார்டியாவும் அதன் சொந்தங்களும். வெள்ளையில் மட்டும் ஏமாற வாய்ப்புண்டு, வெள்ளை மணி உண்டாக்கும் பூஞ்சைகளும் இருக்கின்றன. எனவே மணியை நசுக்கி, சாயமேற்றிப் பார்த்தாக வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் இதெல்லாம் தெரியாது. பம்பாய்க்கு வந்து சேர்ந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் இந்த நோயை ஆராய்ந்து, 1874-ல் தனிப் புத்தகமே எழுதினார். மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் ‘கிரேஸ் அனாடமி’யின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவர் அவர்தான். அவர் வைத்த பெயர் ‘மைசீடோமா’, பூஞ்சைக் கட்டி. பாதி சரி, பாதி தப்பு. 1894-ல் அல்ஜீரியாவில் வின்சென்ட் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் பாதத்திலிருந்து பிரித்தெடுத்த கிருமி பாக்டீரியா வகை என்று பிறகு தெளிவானது. அந்த அல்ஜீரியக் கிருமிக்கு அவர் சூட்டிய பெயரிலும் மதுரை வந்து ஒட்டிக்கொண்டது: இன்று அது ஆக்டினோமதுரா மதுரே. நோகார்டியாவுக்கு அந்தப் பெருமை இல்லை. 1888-ல் குவாடலூப் தீவு மாடுகளின் நோயில் அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நோகார்டின் பெயர் அதற்கு.

பெயர்ப் பஞ்சாயத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. பூஞ்சை வகை மதுரைக் காலுக்கு இன்றும் மருந்து அரைகுறையாகத்தான் கேட்கும், பல நேரம் கத்தி வைக்க வேண்டும். பாக்டீரியா வகை பெரும்பாலும் மருந்திலேயே தீரும். மெக்சிகோவின் மான்டெரேயில் டாக்டர் ஒலிவேரியோ வெல்ஷ் 1980-களில் வகுத்த முறையில் மூன்று வாரம் அமிகாசின் ஊசி, கூடவே கோட்ரைமாக்சசோல் மாத்திரை. இடைவெளி விட்டு மறுபடியும் அதே சுற்று. அமிகாசின் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ரத்தமும் கேட்கும் திறனும் பார்க்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் தோல் துறையினர் 2000-ல் விலை குறைந்த ஜென்டாமைசினையும் பென்சிலினையும் வைத்து ஒரு முறையை வெளியிட்டார்கள். எந்த முறையானாலும் மாதக்கணக்கு. வகை தெரியாமல் வெட்டிய கால்களில் எத்தனை மாத்திரையில் பிழைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நுரையீரலுக்குப் போனால் நோகார்டியா இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் குழிவிழுந்த நிழல். நம் ஊரில் இதைக் கேட்டதும் யாருக்கும் முதலில் தோன்றுவது டிபிதான், அதில் தப்பில்லை. டிபி மாத்திரை மாதக்கணக்கில் விழுங்கியும் தேறாதபோது, சளிப் பரிசோதனையும், டிபிக் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையும் திரும்பத் திரும்ப ‘இல்லை’ என்று சொல்லும்போதுதான் வேறு சந்தேகம் வர வேண்டும். முக்கியமாக அவர் சிறுநீரக மாற்று செய்தவராகவோ, நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவராகவோ, எச்ஐவி உள்ளவராகவோ இருந்தால். இந்தக் கிருமிக்கு நுரையீரலிலிருந்து மூளைக்குப் போகும் பழக்கம் உண்டு. ஆகவே தலைக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும். கோட்ரைமாக்சசோல்தான் இங்கேயும் முதல் மருந்து. நுரையீரலுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு, மூளைக்குப் போயிருந்தால் ஓராண்டுக்குக் குறையாமல். வகைக்கு வகை மருந்துக்குக் கட்டுப்படும் குணம் மாறும், எனவே இனம் பிரித்துப் பார்ப்பதும் அவசியம்.

ஆனால் ஆய்வகத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். வழக்கமான சளிக் கல்ச்சர் தட்டை இரண்டு நாளில் பார்த்துவிட்டுக் கழித்துவிடுவார்கள். நோகார்டியா சோம்பேறி. சில நேரம் மூன்றாம் நாள் எட்டிப்பார்க்கும், சில நேரம் இரண்டு வாரம் ஆகும். வந்தால் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல வெண்மையாக, வறட்சியாக வரும். மூடியைத் திறந்தால் கோடைமழை விழுந்த புழுதி வாசனை. அந்தத் தட்டு அதுவரை குப்பைக்குப் போகாமல் இருக்க, அனுப்புகிறவர் சீட்டின் மூலையில் ‘நோகார்டியா? 2 வாரம் வைக்கவும்’ என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.