கல்கத்தாவின் 1934ஆம் ஆண்டு வெற்றி

கடற்கரை மணலிலே பந்தாடும் சிறுவனுக்குச் சப்பாத்து வேண்டியதில்லை. காரைதீவு தொடங்கி மாளிகைக்காடு, சாய்ந்தமருது ஊடாகக் கல்முனை வரை நீளும் கரையில் மணல் காலைச் சுடலாம், ஆனால் வழுக்காது. மழையில் நனைந்த புல்தரையின் இயல்போ வேறு. அங்கே வெறுங்காலுடன் ஓடுபவன் சட்டெனத் திரும்பினாற் சறுக்கி விழுவான். இச்சிறு வேறுபாட்டை உணர்ந்து செயற்பட்டமை, கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் பெருவெற்றிக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று.

கல்கத்தா உதைபந்தாட்ட லீக் போட்டி 1898இல் தொடங்கியது. 1933 வரை அதன் வெற்றி விருது ஆங்கிலப் படைப்பிரிவுகளுக்கும் ஐரோப்பியர் கழகங்களுக்குமே உரியதாயிருந்தது. முதற் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்கள் மட்டுமே ஆடலாம் என்னும் தடையும் நெடுங்காலம் நிலவியது. 1911இல் மோகன் பகான் கழகம், ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலப் படையணியொன்றைத் தோற்கடித்துக் கேடயம் வென்றது உண்மையே. ஆயினும் கேடயப் போட்டியிற் சில நாள்கள் நன்றாக ஆடினாற் போதும். லீக் போட்டியோ பருவம் முழுவதும் நடப்பது. அப்பருவத்தின் பெரும்பகுதி மழைக்காலம்.

1891இல் தோன்றிய முகம்மதன் கழகம், பல்லாண்டுகள் கீழ்ப்பிரிவிலே உழன்று, 1934இல் முதற் பிரிவுக்கு உயர்ந்தது. கழகத்தை நடத்தியோர் பெங்களூர் முதலான தூர நகரங்களிலிருந்தும் திறமையாளரைத் திரட்டினர். ஈரத்தரையிற் சப்பாத்தணிந்து ஆடவும் பழக்கினர். முதற் பிரிவில் ஆடிய முதலாண்டிலேயே விருது அவர்கள் கைக்கு வந்தது. அவ்விருதை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அதனைத் தக்கவைத்த அக்கழகம், 1936இற் கேடயத்தையும் 1940இல் டெல்லியில் நடந்த டூரண்ட் கிண்ணத்தையும் வென்றது. அதன் வீரர் முகம்மது சலீம் 1936இல் ஸ்கொத்லாந்து சென்று, செல்ற்றிக் கழகத்துக்காகக் காலிற் கட்டுத்துணி மட்டும் சுற்றி ஆடியமை ஒரு தனிச்சிறப்பு.

இவ்வெற்றியின் பொருளை உணர, அக்கால அமெரிக்காவை நோக்கலாம். அங்கே உதைபந்தாட்டம் என்பது பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். கறுப்பின மாணவருக்கென அமைந்த கிராம்ப்ளிங் கல்லூரியின் அணி, எடி ராபின்சன் என்னும் பயிற்றுநரின் கீழ், 1942இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. எதிரணிகள் ஒரு புள்ளியேனும் பெறவில்லை. ஆயினும் நிறப்பாகுபாடு நிலவிய அத்தென்னாட்டில், வெள்ளையர் கல்லூரிகளுடன் மோத அவ்வணிக்கு வாய்ப்பில்லை. கல்கத்தாவில் ஆளப்பட்டோர் ஆண்டோரை ஒரே களத்திற் சந்தித்தனர். ஒரே விதி இருவரையும் கட்டியது. அவ்வளவு கிடைத்ததும் திறமை தன்னைத் தானே நிலைநாட்டிக்கொண்டது.

எனினும் அவ்வெற்றிக்கு ஒரு நிழலும் உண்டு. பின்னாளிற் கல்கத்தாவிலே சமயப் பகை முற்றியபோது, கழகங்களின் மோதல் சமூகங்களின் மோதலாகவும் பார்க்கப்பட்டது. ஆடுகளத்திற்கு வெளியே மூண்ட தீயை ஆட்டத்தால் அணைக்க இயலவில்லை.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து ஒரே மொழி பேசும் கரையில் இவ்வரலாறு பயன் தருவது. தன் கழகத்தின் வெற்றியிற் பெருமை கொள்வது இயல்பு. எதிரணியின்றி ஆட்டமே இல்லை என்பதை நினைவிற் கொள்வது பண்பு.