முதலில் பொருத்தம், பிறகு பாரம், கடைசியில் விலை

என் தங்கையின் மகன் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துத் தொழில் செய்து வருகிறான். சில மாதங்களுக்கு முன் கடைக்கு வந்தவன், "மாமா, ஒரு பெரிய லென்ஸ் வாங்கணும். உம்மாட மாலையையும் காப்பையும் அடகு வெச்சாக் காசு சரி வரும்" என்றான்.

வட்டிக்கு அடகு வைப்பது கூடாது என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் "கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வேறெங்காவது போய் அதையே செய்வான். எனவே உட்காரவைத்துக் கணக்குப் பார்த்தோம். பிள்ளைகளுக்கு இதே தொழிலில் முதல் போட்டிருக்கும் சகோதரர்கள் பலர் இருப்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

அவன் கேட்டது தூரத்தில் நிற்பவரைக் கிட்டக் காட்டும் 70-200 மில்லிமீற்றர் லென்ஸ். மேடைக்குக் கிட்டப் போக முடியாத மண்டபங்களில் கல்யாணப் படக்காரர்கள் பெரும்பாலும் நம்புவது இதைத்தான். எதை வாங்கினாலும் விலையை முதலில் கேட்பது எம்மவர் வழக்கம். இங்கே விலை மூன்றாவது கேள்வி.

முதற் கேள்வி: என் கமராவுக்கு இது பொருந்துமா?

இந்தப் பாடத்தை நான் பணம் கொடுத்துப் படித்தேன். 2009 இல் என் கடையில் கமராவும் வைத்திருந்தேன். வெளிநாடு போனபோது நிக்கோன் கமராவுக்கான 70-300 லென்ஸ் மலிவாகக் கிடைத்தது என்று ஐந்து கொண்டுவந்தேன். அது உள்ளே மோட்டார் இல்லாத பழைய வகை. டி40, டி60, டி3000, டி5000 போன்ற சிறிய கமராக்களிலும் அந்த மோட்டார் இல்லை. லென்ஸ் அழகாகப் பூட்டுப்படும், படமும் விழும், ஆனால் தானாகப் போகஸ் ஆகாது. கையால் திருப்ப வேண்டும். வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிழை லென்ஸில் இல்லை, கேட்டறியாமல் வாங்கிய என்னில். பூட்டுப்படுவது வேறு, வேலை செய்வது வேறு என்பது அன்றுதான் விளங்கியது. இன்றும் நிலைமை அதுதான். அந்த மோட்டார் இல்லாத லென்ஸை நிக்கோனின் எஃப்ரிஇசட் அடாப்டர் போட்டுப் புதிய இசட் கமராவில் மாட்டினாலும் தானாகப் போகஸ் ஆகாது.

மருமகனிடம் இருப்பது கெனன் 80டி. கெனனில் மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும். 1987 இல் வந்த இஎஃப் வகை லென்ஸ் அவனது கமராவுக்குப் பொருந்தும். 2003 இல் வந்த இஎஃப்-எஸ் வகையும் பொருந்தும், ஆனால் அது சிறிய சென்சர் உள்ள கமராக்களுக்கென்றே செய்யப்பட்டது. 2018 இல் வந்த ஆர்எஃப் வகை புதிய மிரர்லெஸ் கமராக்களுக்கு மட்டும். இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டுப் புதிய கமராவில் பாவிக்கலாம். ஆர்எஃப் லென்ஸைப் பழைய கமராவில் எந்த வகையிலும் பாவிக்க முடியாது. ஆகவே நாளை கமராவை மாற்றும் எண்ணம் இருந்தாலும் இன்று அவனுக்கு இஎஃப் சரி. கெனன் இப்போது புதிய லென்ஸ்களை ஆர்எஃப் பக்கமே வெளியிடுவதால், இஎஃப் லென்ஸைக் கைமாறியதாக வாங்கினால் பேரம் பேச இடமுண்டு. திரும்ப விற்கும்போதும் அதே பேரத்தை எதிர்பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: நாள் முழுக்கத் தூக்க முடியுமா?

அவன் கமராவுக்குப் பொருந்தும் மூன்றை எடுத்தோம். 55-250 இஎஃப்-எஸ் எஸ்ரிஎம் 375 கிராம். 70-200 எஃப் 4 இரண்டாம் பதிப்பு 780 கிராம். 70-200 எஃப் 2.8 மூன்றாம் பதிப்பு 1,480 கிராம். கமரா மட்டும் 730 கிராம். அப்படியானால் எஃப் 4 உடன் ஒன்றரைக் கிலோ, எஃப் 2.8 உடன் இரண்டேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் நிக்காஹ், பின்னேரம் வலீமா என்று ஆறு மணித்தியாலம் இரண்டு கிலோ சீனியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி இறக்குவதாக நினைத்துப் பாருங்கள். கை நடுங்கினால் படமும் நடுங்கும். களைத்தவன் லென்ஸைப் பையில் வைத்துவிடுவான். பையில் இருக்கும் லென்ஸ் சதம்கூட உழைக்காது.

மூன்றாம் கேள்வி: விலைக்குத் தக்க உழைப்பு வருமா?

எஃப் என்பதற்குப் பக்கத்தில் உள்ள இலக்கம் சிறிதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரிது. எஃப் 2.8, எஃப் 4 ஐ விட இரு மடங்கு வெளிச்சம் எடுக்கும். 55-250 இன் தூர முனை எஃப் 5.6. அதைவிட நான்கு மடங்கு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வெயிலில் நடப்பதால் அங்கே சிறிய லென்ஸே போதும். மங்கலான மண்டபத்தில்தான் வித்தியாசம் தெரியும். லென்ஸில் உள்ள நடுக்கம் தடுக்கும் வசதி எம் கையின் ஆட்டத்தைத்தான் தடுக்கும். மாப்பிள்ளை தலையைத் திருப்பினால் அதைத் தடுக்காது.

இவை வெளிவந்தபோது அமெரிக்காவில் அறிவித்த விலைகள் முறையே 349, 1,299, 2,099 டொலர். பெரிய இரண்டுக்கும் இடையில் 800 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 240,000 ரூபா. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை பாய்ந்ததைக் கண்ட எமக்கு இந்த வித்தியாசத்தின் பாரம் விளங்கும்.

"வருடத்துக்கு எத்தனை கல்யாணத்தில் எஃப் 4 உனக்குப் போதாமல் போகும்?" என்று கேட்டேன். முப்பது என்றால் நான்கு வருடத்தில் 120 வேலை. ஒரு வேலைக்கு 2,000 ரூபா. அதை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கலாம். எட்டு என்றால் நான்கு வருடத்தில் 32 வேலை. ஒரு வேலைக்கு 7,500 ரூபா. அதைத் தரும் வாடிக்கையாளர் எம்மூரில் இல்லை.

மருமகனுக்குப் பதில் தெரியவில்லை. எனவே எஃப் 2.8 லென்ஸை இரண்டு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். கொழும்பில் நாள் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த லென்ஸில், எத்தனை மில்லிமீற்றரில், எந்த எஃப் இலக்கத்தில் எடுத்தது என்பதைக் கமரா ஒவ்வொரு படத்திலும் பதிந்து வைக்கும். மாப்பிள்ளை வீட்டார் அல்பத்துக்குத் தெரிந்த படங்களை மட்டும் வைத்து எண்ணினோம். ஐந்தில் ஒன்றுதான் அந்த லென்ஸில் எடுத்தது. அவற்றிலும் எஃப் 2.8 இல்லாமல் முடியாதவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவன் கமராவின் சிறிய சென்சரில் 70 மில்லிமீற்றரே 112 போல நெருக்கிக் காட்டுவதால், வீட்டுக்குள் நடந்த நிக்காஹ்வில் அந்த லென்ஸ் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

கடைசியில் கைமாறிய எஃப் 4 ஒன்றை வாங்கினான். கையில் இருந்தது பாதி, மீதியை நான் கைக்கடனாகக் கொடுத்தேன். இருண்ட மண்டபம் என்றால் எஃப் 2.8 ஐ வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையை முன்கூட்டியே பேசி பில்லில் சேர்க்கிறான்.

கைமாறியதை வாங்குவோர் உங்கள் கமராவையும் ஒரு டோர்ச்சையும் கொண்டுபோங்கள். எமது ஈரக் காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பக்கம் வெளிச்சம் அடித்து மறுபக்கத்தால் பார்த்தால் சிலந்தி வலைபோலத் தெரியும். அப்படியானதை எவ்வளவு மலிவென்றாலும் எடுக்க வேண்டாம். பிறகு உங்கள் கமராவில் மாட்டி, வாயை முழுதாகத் திறந்து, கிட்டவும் தூரத்திலும் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். போகஸ் தானாகப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே காசை எண்ணுங்கள்.

தங்கையின் மாலையும் காப்பும் இன்னும் அலுமாரியில்தான் இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.