மண் தொட்டி பனிக்காலத்தில் வெடிப்பது ஏன்?

டொராண்டோ போன்ற குளிர் ஊர்களில், அக்டோபரின் வாரக் கடைசிகளில் பலருக்கும் ஒரே வேலைதான்: கோடை முழுக்கப் பூத்த தொட்டிகளைக் காலி செய்வது. செடி வாடிவிட்டது, சரி. மண்ணையும் ஏன் கொட்ட வேண்டும்?

காரணம் தண்ணீர். பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீரோ சுமார் 9 சதவீதம் விரிவடைகிறது. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில், இடையே வெற்றிடம் விட்டு நிற்பதால் இப்படி. சுட்ட மண் தொட்டியின் சுவரெல்லாம் நுண்துளைகள். உள்ளே ஈரமண் இருந்தால் அவை நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறைய, விரிசல் நீள்கிறது. விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் சேதம் தொடங்கிவிட்டது என்று பொருள். உள்ளிருக்கும் ஈரமண்ணும் உறைந்து உப்பிச் சுவரை வெளியே தள்ளும். பிளாஸ்டிக் தொட்டி ஓரளவு வளைந்துகொடுக்கும்.

துளசி முதல் உறைபனியிலேயே கருகுவதற்கும் பனிக்கட்டிதான் காரணம். செல்களுக்கு வெளியே உருவாகும் பனி உள்ளிருக்கும் நீரை இழுக்க, செல்சவ்வு சிதைகிறது. டேலியா செடியும் மேலே கறுத்துப்போகும்; ஆனால் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருக்கும். அதைத் தோண்டி, உறையாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் அடுத்த ஆண்டும் பூக்கும்.

நோய் தாக்காத பழைய மண்ணை வீசிவிடாதீர்கள், தோட்டத்தில் பரப்புங்கள். தொட்டியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கூரைக்கடியில் கவிழ்த்து வையுங்கள்.