தாடை வலி: மூன்று விரல் நுழைகிறதா?

காலையில் எழுந்ததும் காதுக்கு முன்னால் தாடை வலிக்கிறதா? தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஞானப்பல்லும் காரணமாகலாம். வலி திரும்பத் திரும்ப வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டப் பாக்கு, குட்கா மெல்லும் தம்பிகளே, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். வாயைத் திறந்து மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? காரம் பட்டாலே வாய் எரிகிறதா? பாக்கு மெல்வதால் உள்கன்னம் இறுகும் நோயாக இருக்கலாம். அது புற்றுநோயாகவும் மாறக்கூடும். தள்ளிப்போடாதீர்கள். சென்னைக் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவமனை இருக்கிறது.

தாடை வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவும் சிரமம் என்றால் அன்றைக்கே போங்கள். நெஞ்சு வலி, வியர்வையோடு தாடை வலித்தால் மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.