ஆனைமலைக் காடு காணச் செல்வோர்க்கு



'சஃபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பதே அதன் பொருள். கென்யாவின் சிங்கங்களைக் காணக் கடல் கடக்க வேண்டும். கொங்கு நாட்டாருக்கோ, பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம் எதிர்ப்படுகிறது. எனினும் இரண்டிற்கும் பெரிய வேற்றுமை உண்டு. ஆப்பிரிக்கப் புல்வெளியில் விலங்கு தொலைவிலேயே கண்ணுக்குப் புலப்படும். நம் காடோ மூங்கிலும் தேக்கும் அடர்ந்தது. மிக அருகில் யானை நின்றாலும் தெரியாது போகலாம். ஆகவே இங்கே கண்ணைக் காட்டிலும் காதுக்கே வேலை மிகுதி. உரத்த பேச்சும் பாட்டும் அறவே கூடா.

வெட்டிய மரங்களை மலையினின்று சரிய விட்டமையால் 'டாப்சிலிப்' என்னும் பெயர் அமைந்தது. அங்ஙனம் மொட்டையான காட்டில் மீண்டும் தேக்கை வளர்த்தவர் ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி. 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்பை அடுத்தே உள்ளது. இக்காட்டின் அருமையை உணர அதனைக் கண்டு வருதல் நன்று.

செல்லும் காலத்தை ஆராய்ந்து தேர்க. தென்மேற்குப் பருவமழையில் அட்டைக்கடி மிகுதி. கோடையில் சருகு காய்ந்து காட்டுத்தீ மூளும். அப்போது வனத்துறை பார்வையாளரைத் தடுத்தல் உண்டு. அத்தடையைக் குறை கூறலாகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் தீயிற் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆதலின் புறப்படுமுன் வனத்துறையிடம் கேட்டறிந்து செல்க.

உடை பச்சை, காக்கி போன்ற மங்கிய நிறமாக இருக்கட்டும். நறுமணத் தைலம் வேண்டா. யானையின் மோப்பம் மிகக் கூரியது. தொலைநோக்கி இருப்பின் நன்று. குடிநீரை உலோகக் குப்பியில் கொணர்க. நெகிழிப் பையை விலங்குகள் உணவென்று விழுங்கி இறக்கின்றன.

குரங்குகளுக்குத் தின்பண்டம் ஈதலை அறம் எனக் கருதுவோர் உளர். அது தீங்கே. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் வாழும் சிங்கவால் குரங்குகள் அரிய இனம். உணவை நாடிச் சாலைக்கு இறங்கிப் பழகும் குரங்கு வண்டியில் அடிபட்டு மடிகிறது.

இனி, யானையைப் பற்றி. ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவிற்கு அப்பால் யானை நிற்கலாம். நின்றால் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்துக; ஒலிப்பானை அழுத்தாதீர்; இறங்கிப் படம் எடுக்காதீர். காதுகளை விரித்து அசைவற்று நோக்குதலும், தலையை உயர்த்துதலும் அதன் எச்சரிக்கை. கன்னத்தில் மதநீர் வழியும் களிற்றினிடம் இரட்டிப்பு விழிப்பு வேண்டும். 2025 பிப்ரவரியில் இச்சாலையில் யானை நிற்க, இருபுறமும் வண்டிகள் காத்திருந்தன. எச்சரிக்கையையும் மீறி இருசக்கர வண்டியில் கடக்க முயன்ற ஜெர்மானியப் பயணி ஒருவர் யானையால் தாக்குண்டு உயிரிழந்தார். சற்றுப் பொறுத்திருந்தால் யானை தன் வழியே சென்றிருக்கக்கூடும்.

இம்மலையின் காடர், மலசர் முதலான பழங்குடியினர் காற்றின் திசையும் இலையின் முறிவும் கண்டு விலங்கின் இருப்பை உணரவல்லவர். கோழிகமுத்தி முகாமில் யானைகளைப் பேணுவோரும் அன்னாரே. உடன்வரும் வழிகாட்டி "நில்லுங்கள்" என்றால், காரணம் வினவாது நிற்க வேண்டும். வினாவைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

புலியைக் காணவில்லையே என்று பலர் மனம் சோர்ந்து திரும்புகின்றனர். அடர்ந்த காட்டில் அதனைக் காண்பது அரிது. மலையணிலும் இருவாசியும் காட்டுமாட்டுக் கூட்டமும் கண்டு, எவ்வுயிர்க்கும் ஊறின்றி வீடு திரும்பினால், அப்பயணம் நற்பயணமே.